பெடங்கிள் என்றால் எது? பூவிலும் மீனிலும் மூளையிலும் ஒரே பெயர்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையிடம் பெடங்கிள் என்றால் என்ன என்று கேட்டால், "பூந்துணரின் காம்பு", அதாவது பூக்கூட்டத்தைத் தாங்கும் காம்பு, என்று உடனே பதில் வரும். மருத்துவபீட மாணவர் மூளையின் ஒரு பகுதியைச் சொல்வார். மீன்களைப் பற்றிப் படித்தவர் வாலுக்குச் சற்று முன்னால் ஒடுங்கியிருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். மூவரும் சொல்வது சரிதான். ஒருவர் தனக்குத் தெரிந்த பொருளை மற்ற இடத்துக்கும் எடுத்துச் செல்லும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் பூக்காம்பும் மீனின் வாலடியும் ஏதோ உறவுள்ள உறுப்புகள் என்று நினைக்கிறார்கள். பரிசோதனை அறிக்கையில் "பெடங்குலேற்றட்" என்று ஒரு சொல்லைக் கண்டவுடன் அது ஏதோ பெரிய நோயின் பெயர் என்று பயப்படுகிறார்கள். இரண்டுமே தேவையில்லாத சிரமம்.

பெடங்கிள் ஒரு தனி உறுப்பின் பெயர் இல்லை. உயிரினத்தின் பருத்த ஒரு பகுதியை மற்றப் பகுதியோடு சேர்த்து வைத்திருக்கும் ஒடுங்கிய பகுதிக்கு அந்தப் பெயர். அது எங்கே இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது என்பதை மட்டுமே பெயர் சொல்கிறது. எதனால் ஆனது, உள்ளே என்ன ஓடுகிறது, எதிலிருந்து உருவானது என்பவற்றை ஒவ்வொரு உயிரிலும் தனித்தனியாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீதி, ஒழுங்கை, படலை

முதலில் தாவரத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்கு வழி சொல்வதை நினைத்துப் பாருங்கள். பிரதான வீதியால் வந்து, ஓர் ஒழுங்கைக்குள் திரும்பி, அதற்குள் கொஞ்சத் தூரம் போனால் இரண்டு பக்கமும் வீடுகள். ஒவ்வொரு வீட்டுப் படலைக்கும் ஒரு சின்னப் பாதை பிரியும்.

செடியின் தண்டு பிரதான வீதி. அதிலிருந்து பிரிந்து, ஒரு பூக்கூட்டம் முழுவதையும் தாங்கும் காம்புதான் ஒழுங்கை. அந்த ஒழுங்கையில் வீதிச் சந்தியிலிருந்து முதல் வீடு வரைக்குமான வெறும் பகுதி பெடங்கிள். வீடுகள் தொடங்கிய பிறகு அதே ஒழுங்கையின் மிச்சப் பகுதிக்கு இரேக்கிஸ் என்று பெயர். பூக்களைத் தாங்கும் அச்சு அது. அங்கிருந்து ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாகப் போகும் சின்னக் காம்பு பெடிசல், அதாவது படலைக்குப் போகும் பாதை. பூக்கள் கூட்டமாக அமைந்திருக்கும் அந்த முழு அமைப்பைத்தான் நம் பாடப்புத்தகங்கள் பூந்துணர் என்கின்றன. தமிழ்நாட்டில் மஞ்சரி என்பார்கள்.

ஒரு முந்திரிகைக் குலையை, அதாவது திராட்சைக் குலையை, கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். கத்தரிக்கோலால் வெட்டும் இடம், கொடியிலிருந்து முதல் கிளை வரைக்கும் உள்ள காம்பு, அது பெடங்கிள். நடுவே ஓடி, பக்கக் கிளைகள் விட்டுக்கொண்டு போவது இரேக்கிஸ். பழத்தைப் பிடுங்கும்போது அதன் தலையில் ஒட்டியிருந்த மெல்லிய காம்பு பெடிசல். பழத்தைச் சாப்பிட்ட பிறகு தட்டில் மிஞ்சிக் கிடக்கும் அந்தக் கிளைக்கூட்டம்தான் பூந்துணரின் எலும்புக்கூடு.

சில செடிகளில் பூ தனியே ஒன்றுதான் வரும். தாமரை அப்படி. அங்கே கூட்டமே இல்லாததால், அந்த ஒற்றைப் பூவைத் தாங்கும் காம்பையே பெடங்கிள் என்கிறோம். வெங்காயத்தில் இன்னொரு வகை. இலையே இல்லாமல் நிலமட்டத்திலிருந்து நேராக எழுந்து, உச்சியில் வெள்ளைப் பூக்களை உருண்டையாகத் தாங்கும் தண்டு இருக்கிறதே, அதுவும் பெடங்கிள்தான். இப்படி நிலத்திலிருந்து வெறுமையாக எழுவதற்கு ஸ்கேப் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெங்காயத்தின் ஸ்கேப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெறும் குழாய்.

வாழைக்குலையில் என்ன பார்க்கலாம்

நீர்வேலிப் பக்கம் வாழைத் தோட்டத்தில் ஒரு கதலிக் குலை வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது நல்ல பாடம். நாம் வாழைமரம் என்று சொல்லும் அந்தப் பருத்த பகுதி உண்மையான தண்டு இல்லை. இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று இறுக்கிச் சுற்றியதால் வந்த உருளை அது. உண்மைத் தண்டு நிலத்துக்கடியில் கிழங்காக இருக்கிறது. பூக்கும் காலம் வந்ததும் அதன் நுனி அந்த இலையுருளையின் நடுவால் மேலேறி, உச்சியில் வெளிவந்து, பாரம் தாங்காமல் வளைந்து தொங்குகிறது. கடைசி இலையிலிருந்து முதல் சீப்பு வரைக்கும் உள்ள துண்டு பெடங்கிள். சீப்புகள் தொடங்கிய பிறகு இரேக்கிஸ். அதன் நுனியில் வாழைப்பொத்தி. சீப்பில் ஒவ்வொரு காயின் கழுத்தும் ஒரு பெடிசல்.

வெட்டிய முகத்தைக் கவனித்தால் புள்ளி புள்ளியாக நிறையத் தெரியும். வட்டமாக ஒழுங்கில் இல்லாமல் முழுவதும் சிதறிக் கிடக்கும். அந்தப் புள்ளிகள்தான் கலன்கட்டுகள், அதாவது நீரையும் உணவையும் கடத்தும் குழாய்களின் கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் இரண்டு வகைக் குழாய்கள். வேரிலிருந்து நீரும் கனியுப்பும் மேலே வருவது காழ் வழியாக. இலையில் செய்த வெல்லம் தேவையான இடத்துக்குப் போவது உரியம் வழியாக. குலை முற்றுவதற்கான அத்தனை வெல்லமும், அத்தனை நீரும், கை மொத்தமுள்ள அந்த ஒரு காம்பால்தான் போக வேண்டும். பெடங்கிள் முறிந்தால் இலைகள் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் பயனில்லை. தோட்டக்காரர் குலைக்கு முட்டுக்கொடுப்பது வெறும் பாரத்துக்காக என்று தோன்றலாம். முறியாமல் காப்பது அந்தப் பாதையையும்தான்.

பனையில் இது இன்னும் தெளிவு. பாளை சீவும்போது வடிவது எங்கிருந்து வருகிறது? மரம் பூந்துணருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் வெல்லச்சாறுதான் அது. இலைகளிலிருந்து உரியத்தால் இறங்கி, பெடங்கிளால் பாளைக்குள் வந்து, பூவாகவும் காயாகவும் மாறவேண்டியது, சீவிய முனையால் முட்டிக்குள் சொட்டுகிறது. உரியக் குழாய் வெட்டுப்பட்டால் தாவரம் சும்மா இராது; கலோஸ் என்ற பொருளைச் சேர்த்து வாயை அடைக்கப் பார்க்கும். அதனால்தான் காலையும் மாலையும் மெல்லிய துண்டாகப் புதிதாகச் சீவ வேண்டியிருக்கிறது. அடைபட்ட பகுதி போய் புது வாய் திறக்கும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிப்பு தடைப்பட்டுக் கருப்பணியாக இருக்கும், பூசாவிட்டால் கள். தலைமுறை தலைமுறையாகச் சீவல் தொழிலாளர்களின் கைக்கு வந்த இந்த அறிவு, உரியக் கடத்தலைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் தரக்கூடிய விளக்கத்துக்குக் குறைந்ததில்லை என்பது என் கருத்து.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தாவரத்தில் பெடங்கிள் என்பது ஒரு பூவையோ பூந்துணரையோ தாங்கும் தண்டு. பூந்துணருக்குள் ஒவ்வொரு பூவுக்கும் போகும் சின்னக் காம்பு பெடிசல். இரண்டின் உள்ளேயும் காழும் உரியமும் இருக்கின்றன.

காம்பெல்லாம் பெடங்கிள் இல்லை

பேச்சில் வெற்றிலைக் காம்பு, கத்தரிக்காய்க் காம்பு, பூக்காம்பு என்று எல்லாவற்றையும் காம்பு என்றே சொல்கிறோம். அதில் பிழையில்லை. ஆனால் தாவரவியலில் வெற்றிலைக் காம்பு வேறு இனம். அது இலையின் ஒரு பகுதி, பெட்டியோல், இலைக்காம்பு. பனைமட்டையும் அப்படித்தான். இரண்டு ஓரமும் கருக்கோடு, வேலி அடைக்கும் அளவுக்குப் பலமாக இருந்தாலும் அது இலைக்காம்புதான், பெடங்கிள் ஆகாது.

எப்படிப் பிரித்தறிவது? இலைக்காம்பு தண்டில் சேரும் கக்கத்தைப் பாருங்கள். அங்கே ஓர் அரும்பு இருக்கும். பெடங்கிள் அநேகமாக அந்தக் கக்கத்திலிருந்தோ தண்டின் நுனியிலிருந்தோ புறப்படும், ஏனென்றால் அது தண்டின் இனம். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்து ஏமாற்றுவது தாமரை. குளத்தில் இலையைத் தாங்குவதும் பூவைத் தாங்குவதும் நீளமான, சொரசொரப்பான, கிட்டத்தட்ட ஒரே தடிப்பான காம்புகள். இரண்டையும் குறுக்கே வெட்டினால் உள்ளே பெரிய காற்றுக்குழாய்கள். சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் கிழங்குக்குக் காற்று போய்வர வேண்டுமே. மேலே இலை இருந்தால் பெட்டியோல், பூ இருந்தால் பெடங்கிள்.

பழங்களில் இரண்டு சங்கதிகள் சொல்ல வேண்டும். மரமுந்திரிகையில் நாம் பழம் என்று கடித்துச் சாப்பிடும் மஞ்சளோ சிவப்போ ஆன சதைப்பகுதி உண்மையில் பழமே இல்லை. பூவின் பெடிசல் வீங்கிச் சதைப்பிடித்தது. உண்மைப் பழம் கீழே தொங்கும் கொட்டை. மாம்பழத்தில் காம்பு வேறொரு காரணத்துக்காக முக்கியம். கறுத்தக்கொழும்பானைக் கொக்கத்தடியால் இழுத்து, காம்பு அடியோடு கழன்று வந்தால், அந்த வாயால் பால் பீச்சியடிக்கும். மாம்பிஞ்சுக் காலத்திலிருந்து காயின் தோலுக்குள் இருக்கும் கால்வாய்களில் அமுக்கத்தோடு தேங்கியிருந்தது அது. அதிலுள்ள எண்ணெய்த்தன்மையான பொருட்கள் தோலைச் சுட்டுக் கறுப்புத் தழும்பு போட்டுவிடும். விரலளவு காம்போடு வெட்டி எடுத்தால் பால் பீச்சாது. சந்தையில் தழும்பில்லாத பழத்துக்குக் கிடைக்கும் விலை அந்தத் துண்டுக் காம்பில் இருக்கிறது.

மீனின் வாலடி

இனிக் கடற்கரைக்கு வருவோம். பாசையூரிலோ குருநகரிலோ மீன் விற்கும் இடத்தில் ஒரு சூரையைக் கவனியுங்கள். நடு உடம்பு உருண்டு திரண்டிருக்கும். பின்னால் போகப் போக ஒடுங்கி, வால்செட்டைக்குச் சற்று முன்னால் இரண்டு விரலால் பிடிக்கலாம் போல ஆகிவிடும். அந்த ஒடுங்கிய பகுதிதான் மீனின் பெடங்கிள். முதுகுச் செட்டையும் அடிச் செட்டையும் முடியும் இடத்திலிருந்து வால்செட்டை தொடங்கும் இடம் வரைக்கும் அதன் எல்லை.

பூவின் பெடங்கிளோடு இதற்கு எந்த உறவும் இல்லை. இதற்குள் முதுகெலும்பு ஓடுகிறது, தசையும் தசைநாண்களும் இருக்கின்றன. வேலையும் வேறு. உடம்பின் முன்பக்கத்துப் பெரிய தசைகள் சுருங்கும் பலம், தசைநாண்கள் வழியாக இந்த இடத்தைத் தாண்டித்தான் வால்செட்டைக்குப் போகிறது. பெடங்கிள் ஒடுங்கியிருந்தால் வால் இரண்டு பக்கமும் அடிக்கும்போது அது தள்ளிவிடவேண்டிய தண்ணீர் குறைவு. வீணாகும் சக்தியும் குறைவு. நாள் முழுவதும் நிற்காமல் நீந்தும் சூரைக்கு இது பெரிய இலாபம். கல்லிடுக்கில் காத்திருந்து ஒரே பாய்ச்சலில் இரையைப் பிடிக்கும் கலவாயைப் பாருங்கள். அதன் வாலடி தடித்து அகலமாக இருக்கும். ஒரு மீனின் வாலடியைப் பார்த்து அது எப்படி வாழ்கிறது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

சூரையிலும் அறக்குளாவிலும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் பக்கவாட்டில் ஒரு வரம்பு தட்டுப்படும். வால் பக்கத்துக்குப் பக்கம் அசையும்போது அந்த வரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக உதவுகிறது. பாரையில் அதே இடத்தில் முள்ளு முள்ளாகச் செதில்கள் வரிசையாக நிற்கும். பாரை வெட்டித் துப்புரவாக்கிப் பழகியவர்களின் விரல்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

நண்டின் கண்ணும் மரக்கட்டையில் தொங்கும் சிப்பியும்

நண்டுக்கும் இறாலுக்கும் கண்கள் முகத்தில் பதிந்திருப்பதில்லை. அசையும் ஒரு காம்பின் நுனியில் இருக்கும். நண்டைத் தொட்டால் அந்தக் காம்பை மடக்கிக் குழிக்குள் வைத்துக்கொள்ளும். அதற்கும் பெடங்கிள் என்ற பெயர் உண்டு. கண்ணைத் தாங்குவது மட்டும்தான் அதன் வேலை என்று நினைக்கவேண்டாம். பார்வை நரம்புகளோடு ஓமோன் சுரக்கும் கலங்களும் அதற்குள் இருக்கின்றன. ஓடு கழற்றுவதையும் முட்டை முதிர்வதையும் தடுத்து வைக்கும் ஓமோன்கள் அங்கிருந்துதான் வருகின்றன. இறால் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை அகற்றும் வழக்கம் வந்தது இதனால்தான். தடை நீங்கியதும் முட்டை விரைவாக முதிரும். அந்த உயிருக்கு அது கொடுமை என்பதால், அப்படிச் செய்யாமலே இனப்பெருக்கம் நடத்தும் முறைகளை இப்போது தேடுகிறார்கள். அந்தத் தேடல் சீக்கிரம் வெற்றிபெற வேண்டும் என்பதே என் விருப்பம்.

கடலில் மிதந்து கரையொதுங்கும் மரக்கட்டைகளில் சிலவேளை கொத்துக் கொத்தாக ஏதோ தொங்கும். நுனியில் சிப்பி போல வெள்ளை ஓடு, கட்டையோடு ஒட்டும் பக்கத்தில் இறைச்சி போன்ற ஒரு காம்பு. பார்வைக்குச் சிப்பி, உண்மையில் நண்டு, இறால் வகையறா. பானக்கிள் என்று பெயர். அந்தக் காம்பு அதன் பெடங்கிள். குஞ்சுப் பருவத்தில் நீந்தித் திரிந்து, ஓரிடம் பிடித்ததும் தலைப்பக்கத்தை ஒட்டிக்கொள்ளும். அந்தத் தலைப்பக்கமே நீண்டு காம்பாகிறது. ஒட்டும் பசையைச் சுரக்கும் சுரப்பிகளும் சூலகமும் அதற்குள் இருக்கின்றன. படகின் அடியில் வெண்ணிறக் கூம்புகளாக ஒட்டி வளர்ந்து, சுரண்டி எடுக்கவேண்டி வருகிறதே, அவையும் பானக்கிள்கள்தான், ஆனால் காம்பில்லாதவை. சாள்ஸ் டார்வின் இந்தப் பிராணிகளைப் பற்றியே 1846 முதல் 1854 வரை ஆராய்ந்து தடித்த நூல்கள் எழுதினார்.

சரி, மறுபடி ஒருமுறை கணக்குப் பார்ப்போம். பூவில் பெடங்கிள் தண்டு. மீனில் முதுகெலும்பும் தசையும். நண்டில் கண்ணைத் தாங்கும் அங்கம். பானக்கிளில் நீண்ட தலைப்பக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்று வரவில்லை.

மூளையில் நரம்புப் பாதை

மூளையிலும் இந்தப் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. பெருமூளையைக் கீழே உள்ள மூளைத்தண்டோடு இணைக்கும் இரண்டு தடித்த தூண்கள் நடுமூளையின் முன்பக்கத்தில் இருக்கின்றன, இடம் ஒன்று வலம் ஒன்று. இவை பெருமூளைப் பெடங்கிள்கள். கையைத் தூக்கு, காலை எடுத்து வை என்று பெருமூளை அனுப்பும் கட்டளைகள் போகும் நரம்புநார்கள் இவற்றின் வழியாகத்தான் இறங்குகின்றன. அந்த நார்களில் பெரும்பாலானவை இன்னும் கீழே போய்த்தான் பக்கம் மாறுகின்றன. அதனால் இடப்பக்கப் பெடங்கிளுக்குக் குருதி போவது தடைப்பட்டால் வலப்பக்கக் கையும் காலும் பலமிழக்கும்.

மற்றது சிறுமூளை, நம் பாடப்புத்தகங்களில் மூளி. உடம்பின் சமநிலையையும் அசைவுகளின் ஒழுங்கையும் பார்த்துக்கொள்ளும் பகுதி. அது மூளைத்தண்டோடு மூன்று சோடிப் பெடங்கிள்களால் இணைந்திருக்கிறது: மேல், நடு, கீழ். மூன்றிலும் பெரியது நடு. பெருமூளை என்ன செய்ய நினைக்கிறது என்ற செய்தி அதன் வழியாகச் சிறுமூளைக்குள் வருகிறது. உடம்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தியில் பெரும்பகுதி கீழ்ப் பெடங்கிளால் வருகிறது. இரண்டையும் ஒப்பிட்டுச் செய்த திருத்தம் பெரும்பாலும் மேல் பெடங்கிளால் வெளியே போகிறது. இங்கே வெல்லமும் ஓடவில்லை, தசையும் இழுக்கவில்லை. ஓடுவது நரம்புச் செய்தி.

அறிக்கையில் அந்தச் சொல் வந்தால்

கடைசியாக, வீடுகளில் அதிகம் கேட்கப்படுவது. பெருங்குடலைக் கமெரா விட்டுப் பார்த்த அறிக்கையிலோ, கருப்பை ஸ்கான் அறிக்கையிலோ "பெடங்குலேற்றட்" என்று எழுதியிருந்தால், அங்கே கண்ட தசைவளர்ச்சி ஒரு காம்பில் தொங்குகிறது என்று பொருள். காம்பில்லாமல் அகன்ற அடியோடு ஒட்டியிருந்தால் "செசைல்" என்று எழுதுவார்கள். இரண்டும் வடிவத்தைச் சொல்லும் சொற்கள். அது புற்றுநோயா இல்லையா என்பதை அந்தச் சொல் சொல்லாது. அந்தப் பதில், எடுத்த தசைத்துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதும் அறிக்கையில்தான் வரும்.

அப்படியானால் மருத்துவர் ஏன் அதை எழுதுகிறார்? அகற்றும் முறையைத் தீர்மானிக்க அது வேண்டும். பெருங்குடலில் காம்புள்ள வளர்ச்சியென்றால், கமெராவோடு செலுத்தும் கம்பி வளையத்தைக் காம்பில் மாட்டி இறுக்கி, பெரும்பாலும் மின்சூட்டோடு அறுத்துவிடலாம். வயிற்றைத் திறக்கவேண்டி வருவது அரிது. ஆனால் காம்புக்குள் குருதிக்குழாய் ஓடுகிறது. காம்பு தடிப்பாக இருந்தால் அறுத்த இடத்தில் குருதி பாயக்கூடும் என்பதால், முன்னதாகவே மருந்து ஏற்றியோ கிளிப் போட்டோ அந்தக் குழாயை அடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவார்கள். குருதி உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். எப்போது நிறுத்துவது, நிறுத்தத்தான் வேண்டுமா என்பதை அவர்தான் தீர்மானிப்பார்.